மாவாட்ட மறுத்த நாள்

ராயபுரத்தில் கூட்ஸ் ஷெட்டுக்குப் போகும் வழியில் ஒரு காபி ஹோட்டல் இருந்தது. அங்கே நான் மாவாட்டினேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கல்யாணமாகி, முதல் குழந்தை தங்காமல் போய், வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல் வேலை தேடியபோது கிடைத்த வேலை அது.

முன்பக்கத்தில் விடியற்காலையிலிருந்தே கூட்டம் நெரியும். துறைமுகத்து ஆட்கள், ரயில்வே குமாஸ்தாக்கள், கட்டை வண்டிக்காரர்கள். அந்த இரைச்சல் எங்களுக்குச் சுவரைத் தாண்டித்தான் வரும். பின்கட்டில் ஒரு குழாய், அதையொட்டி இரண்டு ஆட்டுக்கல். ஒன்றில் நான் உட்காருவேன், மற்றதில் அக்கா. உடன்பிறந்த அக்கா இல்லை. என்னைவிட நிறைய மூத்தவள் என்பதால் அப்படிக் கூப்பிட்டேன். தண்டையார்பேட்டையிலிருந்து நடந்தே வருவாள். அவள் புருஷன் கப்பலில் மூட்டை இறக்கும்போது விழுந்து இடுப்பு போய்ப் படுக்கையில் கிடந்தார். அவள் கை ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அதனாலோ என்னவோ, பயந்த சுபாவம். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்துகொள்வாள்.

காலையில் வந்து அரிசி களைந்து ஊறப் போடுவோம். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் நாங்கள் கல்லுக்கு உட்கார வேண்டும். மறுநாள் இட்லிக்கும் தோசைக்குமான மாவை இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும். லீவு என்ற பேச்சே கிடையாது. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தால், மறுநாள் நம் கல்லில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். முன்பக்கத்தில் வேலை செய்த ஆண்களுக்கும் அதே கதைதான்.

இலை எடுக்கிற பெரியவர் காலில் பால் கொட்டியதிலிருந்து எல்லாம் ஆரம்பித்தது. அவருக்கு ஊரில் யாரும் இல்லை. ஹோட்டல் பெஞ்சுதான் படுக்கை. ஒரு நாள் காலை, கொதிக்கும் பால் அண்டாவை இரண்டு பேர் தூக்கி வரும்போது ஒருவருக்குக் கால் வழுக்கியது. அண்டா சரிந்து, குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்த பெரியவரின் முழங்காலுக்குக் கீழே மொத்தமாகக் கொட்டியது. அவரைத் தூக்கி வந்து குழாயடியில் போட்டார்கள். நான்தான் காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். தோல் என் கையோடு வந்தது. அவர் கத்தவில்லை. வேட்டி நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

முதலாளி வந்தார். தரையில் ஓடிய பாலைப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார்.

"நல்லா ஆனப்புறம் வாங்க, பார்க்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். படுக்கைச் சுருளையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். உடம்பு முடியாதவரை ஹோட்டலில் போட்டு வைத்தால் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களாம். அந்தச் சுருளை ஒரு கையிலும் பெரியவரை மறு தோளிலும் தாங்கிக்கொண்டு போனவர் சப்ளையர்களில் ஒருவர். நல்ல உயரம். நான் அவரை நெட்டை அண்ணன் என்பேன். பனைமரத்தொட்டிப் பக்கம் இருந்த தன் ஒற்றை அறை வீட்டில் பெரியவரைப் படுக்க வைத்துவிட்டு, மத்தியானமே திரும்பி வந்து தட்டு ஏந்தினார்.

சில நாட்களில் ஆண்களுக்குள் ஒரு குசுகுசுப்பு ஆரம்பித்தது. மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் ஒருவர், இருவராக நழுவிக் கடற்கரைக்குப் போனார்கள். சங்கம் என்ற சொல் சமையல்கட்டில் காதில் விழுந்தது. காபி மாஸ்டர்தான் மற்றவர்களுக்குச் சேதி சொன்னார். எங்கள் இரண்டு பேரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"நானும் போய்ப் பாக்கறேன்" என்றேன் அக்காவிடம்.

"ஒனக்கு இன்னாத்துக்கு அது? ஆம்பளைங்க சமாச்சாரம். கம்முனு கெட" என்றாள்.

நான் போனேன். கட்டுமரங்களைக் கரையேற்றிப் போட்டிருந்த இடத்தில், மரங்களின் மறைவில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"இங்க பொம்பளைக்கு இன்னா வேலை?" என்றார் காபி மாஸ்டர்.

"அந்தப் பெரியவரு கால்ல தண்ணி ஊத்துனது நானு. நீங்க யாரும் கிட்ட வரல. அப்ப நான் பொம்பளைன்னு யாரும் சொல்லல" என்றேன். மணலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

நெட்டை அண்ணன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "குந்து தங்கச்சி."

அவர்கள் கேட்க நினைத்தது இரண்டே விஷயம். பெரியவரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் லீவு வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நாம வெளிய நின்னா, அவரு வேற ஆளுங்கள இட்டாந்து நிறுத்துவாரு. தட்டு தூக்கறவனுக்கா இந்த ஊர்ல பஞ்சம்?" என்றார் காபி மாஸ்டர்.

நான் சொன்னேன்: "ஆளு வருவான். தட்டுல இன்னாத்த வப்பான்? மாவு நாங்கதான ஆட்றோம்?"

"ஆட்றதுக்கும் வேற பொம்பளைங்க வரமாட்டாங்களா?"

"வருவாங்க. காலைல சொன்னா சாயங்காலத்துக்குள்ள தேடிப் புடிச்சிருவாரு. அரிசி ஊறிக் கெடக்கறப்ப, ஆட்ற நேரத்துல கைய எடுத்தா? அதுக்கப்பால ஆளைத் தேடி எப்ப ஆட்றது, எப்ப பொங்கறது? விடிஞ்சா இட்லிக்கு ஆளுங்க வந்து நிப்பாங்களே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காபி மாஸ்டர் கூடப் பார்த்தார். நெட்டை அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "ஒன் கூட இருக்காங்களே அந்தக்கா, அவங்க?"

அக்கா என்னைக் கம்முனு கெட என்று சொன்னதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

முதலாளியிடம் யார் போய்ச் சொன்னார்கள் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. அதே வாரத்தில் ஒரு காலை, கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து நடுவில் வந்தார். நெட்டை அண்ணன் ஒரு கையில் தட்டுகளை அடுக்கி ஏந்திக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"தட்டைக் கீழே வை. வெளியே போ. சங்கம் வைக்கிற ஆளுக்கு இங்கே வேலை இல்லை" என்றார் முதலாளி.

நெட்டை அண்ணன் தட்டுகளை ஒவ்வொன்றாக, கேட்டவர்கள் முன்னால் வைத்தாராம். சட்னி கேட்டவருக்குச் சட்னி ஊற்றினாராம். பிறகு தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், எதிர்ச்சாரியில் பீடிக்கடை ஓரமாக நின்றுகொண்டார். இதைக் காபி மாஸ்டர் பின்கட்டுக்கு வந்து சொன்னார். "இன்னிக்குத்தான். மத்தியானம் நாங்க வெளிய போறோம். நீங்க கைய எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் முதலாளியே வந்தார். அவர் பின்கட்டில் நின்று பேசி நான் பார்த்ததில்லை. என் பக்கம் வந்து நின்றார். கோபமில்லாமல், வீட்டு விசேஷம் விசாரிப்பதைப்போலக் கேட்டார்.

"உன் புருஷன் கூட்ஸ் ஷெட்ல மூட்டை தூக்கறவன்தானே?"

"ஆமாங்க."

"அங்கே மேஸ்திரி தினமும் நம்ம ஹோட்டல்லதான் காபி சாப்பிடறார். நல்ல மனுஷர். நான் சொன்னா கேட்பார்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானக் கஞ்சிக்கு என் வீட்டுக்காரர் வருவார் என்று நானும் வீட்டுக்கு ஓடினேன். பக்கத்துச் சந்துதான். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கையில் கஞ்சியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"வாணாம்மே. கம்முனு ஆட்டிட்டு வந்துடு. மேஸ்திரி வாயத் தொறந்தா நாளைக்கு நான் ஷெட்டு கேட்டுக்கு வெளிய."

"நாளைக்கு ஒன் கால்ல மூட்டை வுழுந்தா? ஒன்ன யாரு தூக்கினு வருவாங்க?"

அவர் பாதிக் கஞ்சியிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். நான் ஹோட்டலுக்குத் திரும்பி நடந்தேன். மறுக்கப் போகிறேனா, ஆட்டப் போகிறேனா என்று அந்தச் சந்துமுனையைத் தாண்டும்வரை எனக்கே தெரியாது. எதிர்ச்சாரியில் நெட்டை அண்ணன் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்றுதான். அதைப் பார்த்ததும் என் மனசு ஒரு பக்கமாக நின்றுவிட்டது.

சாப்பாட்டுக் கூட்டம் கலைந்தது. காபி மாஸ்டர் பாய்லர் அடுப்பிலிருந்து நெருப்பை இழுத்து அணைத்தார். ஒவ்வொருவராக வெளியே போகும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அந்த ஹோட்டலில் அப்படி ஓர் அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

அக்கா கல்லில் உட்கார்ந்து அரிசியை அள்ளிப் போட்டிருந்தாள். நான் என் கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

முதலாளி இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தார். கைலியை மடித்துக் கட்டிய தடியன்கள். அவர்களை எனக்குப் பார்த்த முகமாகத் தெரியவில்லை. முதலாளி பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டு, பூட்டும் போட்டார்.

"ஆட்டி முடிச்சதும் திறக்கறேன்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய், அங்கிருந்து பின்கட்டுக்கு வரும் கதவையும் சாத்திக்கொண்டார்.

அக்கா குழவியைச் சுற்ற ஆரம்பித்தாள். கண்ணீர் முகவாயில் இறங்கிச் சொட்டியது. அதைத் துடைக்காமல் சுற்றினாள். அவளை நான் என்ன சொல்வது? "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டேன். அவள் நிமிரவில்லை.

ஆட்களில் ஒருவன் என் முன்னால் வந்து நின்றான்.

"இன்னாமே, ஒனக்குத் தனியா சொல்லணுமா? ஏந்து குந்து கல்லுல."

நான் எழவில்லை. என் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தவலையைக் காலால் உதைத்தான். அது உருண்டு சுவரில் மோதி, என் புடவையெல்லாம் நனைந்தது. அவன் குனிந்து என் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

அப்போது குழவிச் சத்தம் நின்றது. அக்கா கையை எடுத்துவிட்டாள். விரலெல்லாம் மாவோடு எழுந்து வந்து, என் பக்கத்தில், ஈரத் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையைக்கூடப் போர்த்திக்கொள்ளவில்லை. நீட்டிய கையை அவன் இழுத்துக்கொண்டான். ஒருத்தியை மிரட்டுவது அவனுக்குப் பழக்கம்போல. இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. வெயில் சுவரில் ஏறி மறைந்தது. ஆட்கள் பீடி பிடித்தார்கள், நடந்தார்கள், முன்கதவைத் தட்டி முதலாளியோடு ரகசியம் பேசினார்கள். அக்காவுக்கு வீட்டில் புருஷனைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம். அது எனக்கும் தெரியும்.

திடீரென்று பின்கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. "எம்பொண்டாட்டி உள்ள கீறா. கதவத் தொறங்க."

என் வீட்டுக்காரர். ஷெட்டில் வேலை விட்டதும் என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். ஆட்டினேனா, இல்லையா என்று பார்க்கத்தான் வந்தாராம். அதைப் பின்னால் அவரே சொன்னார். தெருவில் நின்றவர்களிடம் என்னைக் கேட்டபோது, உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு அவருக்கு மேஸ்திரி மறந்துபோனார். அவரோடு வந்த மூட்டைக்காரர்கள் எல்லோரும் சந்துக்குள் வந்துவிட்டார்கள். கதவில் உள்ளங்கைகள் விழும் சத்தம் கேட்டது. ஆட்கள் இருவரும் கதவை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

"திருவிழா மாரி கூட்டம் கூடிகினு வருது, மொதலாளி" என்றான் ஒருவன், முன்கதவைத் திறந்து.

முதலாளி போலீசுக்கு ஆள் அனுப்பினார். சங்கத்து ஆட்களைக் கலைக்கத்தான் அனுப்பினார். வந்த கான்ஸ்டபிள் முன்வாசல் வழியாகப் பின்கட்டுக்கு வந்து, ஈரத்தில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"மாவாட்டறவங்க" என்றார் முதலாளி.

"அதுக்குப் பூட்டு எதுக்கு?"

முதலாளி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் முன்னால் நின்றார். கூட்டத்தில் யாரும் சத்தம் போடவில்லை. எங்களுக்கு வழிவிட்டார்கள். நெட்டை அண்ணன் தன் துண்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார், கையைத் துடைத்துக்கொள்ள. உள்ளே ஊறிய அரிசி அப்படியே கிடந்தது.

வழியில் என் வீட்டுக்காரர் கேட்டார்: "பயந்தியா?"

"ஆமாய்யா."

"நானுந்தான்" என்றார்.

மறுநாள் காலை இட்லி இல்லை. காபி போடவும் ஆள் இல்லை. கூட்ஸ் ஷெட்டுக்காரர்கள் வாசல்வரை வந்து, வெளியே நின்ற எங்களைப் பார்த்துவிட்டு, வேறு கடைக்குப் போனார்கள். அடுத்த நாளும் அப்படியே. எங்களுக்குப் பதிலாக மாவாட்ட வந்த ஒரு பெண், நாங்கள் நிற்பதைக் கண்டதும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். மூன்றாம் நாள் முதலாளி பேசக் கூப்பிட்டார்.

காலி மேஜைகளுக்கு நடுவில் ஆண்கள் நின்றார்கள். நாங்கள் இருவரும் சமையல்கட்டு வாசற்படியில் நின்றோம். முதலாளி பெரியவரைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். வாரம் ஒரு நாள் லீவும் சரி என்றார். "ஆனா அந்த நெட்டையன் இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது."

அதற்கு ஒத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. வெளியே போய் அவரிடமே சொன்னார்கள். "என்ன உடுங்க. பெரியவருக்கு எடத்தையும் லீவையும் வாங்கிகினு உள்ள போங்க. நான் எங்கியாவது பொழச்சிக்கறேன்" என்றாராம். காபி மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். தலையசைத்தார்.

முதலாளி இன்னொன்று சொன்னார். "லீவு ஹோட்டல் ஆட்களுக்குத்தான். மாவாட்டறவங்க கூலிக்கு வர்ற வெளியாளுங்க. அவங்க இதுல சேர மாட்டாங்க."

நான் காபி மாஸ்டரைப் பார்த்தேன். மூன்று நாள் அலைச்சலில் அவர் முகம் களைத்திருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, "அத்த அப்பால பேசிக்கலாம்" என்றார். முடிந்துவிடட்டும் என்றுதான் எல்லோர் முகத்திலும் இருந்தது.

"அப்பால இன்னா அப்பால?"

கேட்டது அக்கா. படியிலிருந்து இறங்கி மேஜைகளுக்கு நடுவில் வந்து நின்றாள். முன்பக்கத்துக்கு அவள் வந்ததே அன்றுதான். முதலாளியை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"நாங்க வெளியாளுன்னா, அன்னிக்கு எங்கள உள்ள வச்சி இன்னாத்துக்குப் பூட்டுனீங்க?"

காபி மாஸ்டர் நிமிர்ந்தார். மெதுவாகப் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு ஒவ்வொருவராக மற்றவர்களும் நகர்ந்து வந்தார்கள்.

"சரி, அவங்களுக்கும்தான்" என்றார் முதலாளி. கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெரியவர் காலை இழுத்து இழுத்து நடந்து திரும்பி வந்தார். இலை எடுக்க முடியவில்லை. இலை நறுக்கிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் விஷயத்தில் முதலாளி சொன்னதைச் செய்தே விட்டார். மேஸ்திரி அவருக்குச் சில வாரங்கள் மூட்டை கொடுக்கவில்லை. காலையில் போய் நிற்பார், வெறுங்கையோடு வருவார். ஆனால் ஒரு தடவைகூட என்னைக் குறை சொல்லவில்லை. அந்த வாரங்களில் என் சம்பாத்தியம்தான். கடைசியில் அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் சேர்ந்து போய்ப் பேசி அவரை உள்ளே சேர்த்தார்கள். பின்னால் அவர்களும் ஒரு சங்கம் வைத்தார்கள். அது பெரிய கதை.

நெட்டை அண்ணனுக்கு ராயபுரத்தில் ஒரு ஹோட்டலிலும் வேலை கிடைக்கவில்லை. முதலாளிகள் ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருந்தார்கள். அலைந்து அலைந்து, திருவொற்றியூரில் ஆலை ஆட்கள் சாப்பிடும் ஒரு ஹோட்டலில் சேர்ந்தார். மாதங்கள் போனபிறகு ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார்.

"தங்கச்சி, அங்கியும் சங்கத்துக்கு ஆளுங்கள சேத்துகினு வரேன். ஆனா பின்னால ஆட்ற பொம்பளைங்க நாலு பேரு கீறாங்க. நான் போனா தலையக் குனிஞ்சிக்கிறாங்க. நீ வந்து பேசறியா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"போய்ட்டு வா. இருட்றதுக்குள்ள வந்துடு" என்றார்.

அடுத்த லீவு நாளில் திருவொற்றியூர் போனேன். நெட்டை அண்ணன் சந்துமுனையில் நின்று பின்வாசலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே நான்கு பெண்கள் நான்கு கல்லில். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி பிள்ளைத்தாச்சி. வயிறு இடித்ததால் தள்ளி உட்கார்ந்து சிரமப்பட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். "நீ ஏந்திரு, கொஞ்சம் நான் ஆட்றேன்" என்றேன். அவள் தயங்கி எழுந்தாள். நான் உட்கார்ந்து குழவியைப் பிடித்தேன்.

கொஞ்ச நேரம் போனதும் அவள்தான் கேட்டாள்: "ராயபுரத்துல ரெண்டு பேர வச்சி கதவப் பூட்டுனாங்களாமே, மெய்யாலுமா?"

"மெய்யாலும்தான்" என்றேன். மற்ற மூன்று கல்லும் நின்றன. "நீங்க ஆட்டிகினே கேளுங்க. யாராவது வந்துடப் போறாங்க" என்று சொல்லிவிட்டு, பெரியவர் காலில் பால் கொட்டிய காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.